அக்காவுக்கு ஒரு தனி அடுப்பு

நான் லிஃப்ட் மெக்கானிக். இங்கிலாந்தில் ஏழு வருடம், அதன்பிறகு கனடாவில் பன்னிரண்டு வருடம். இரண்டு நாட்டிலும் எனக்கு வாய்த்த வேலை பெரும்பாலும் அரசு ஆஸ்பத்திரிகளில்தான். அதனால் எந்த ஊர் ஆஸ்பத்திரிக்குப் போனாலும் டாக்டரைப் பார்ப்பதற்கு முன் லிஃப்டைப் பார்த்துவிடுவேன். கதவு எத்தனை அகலம், ஸ்ட்ரெச்சர் உள்ளே போனால் கூட எத்தனை பேர் நிற்கலாம், வாசற்படியில் சக்கரம் மாட்டுமா என்பதெல்லாம் தானாகக் கண்ணில் படும். தொழில் புத்தி, திருத்த முடியாது.

இந்த முறை மதுரைக்கு வந்தது வேறு காரியமாக. என் அக்கா பேச்சியம்மாளுக்கு இடுப்பு மூட்டு தேய்ந்துவிட்டது, மாற்றியே ஆக வேண்டும் என்று தம்பி தவசி போன் செய்தான். அக்கா எனக்கு ஐந்து வயது மூத்தவள். கல்யாணமான இரண்டாவது வருடமே புருஷன் வீட்டார் அவளைப் பிறந்த வீட்டு வாசலில் இறக்கிவிட்டுப் போனார்கள். அன்றிலிருந்து எழுமலைக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள். இப்போது அது தவசியின் வீடு. அவனும் அவன் மனைவி செல்வியும் காட்டு வேலைக்குப் போக, உலை வைத்ததும் அவர்களுடைய பிள்ளைகள் இரண்டையும் குளிப்பாட்டிப் பள்ளிக்கூடம் அனுப்பியதும் அக்காதான். பிள்ளைகள் இப்போது கல்லூரி விடுதியில் இருக்கிறார்கள். ஒரு வருடமாக அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். கடைசி இரண்டு மாதமாகச் சுவரைப் பிடித்தும் முடியவில்லை. ஆறு வாரம் விடுப்பு வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தேன்.

முதல் நாளே வழி மாறியது. விமான நிலையத்தில் ஆட்டோ பிடித்து, "பெரியாஸ்பத்திரி" என்று சொல்லிவிட்டுப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒடுங்கி உட்கார்ந்தேன். தவசி அக்காவைக் காலையிலேயே அங்கே கூட்டி வந்திருந்தான். கண் சொக்கிவிட்டது. விழித்துப் பார்த்தால் தெப்பக்குளம் தெரிகிறது. குளத்தில் தண்ணீர் நிறையக் கிடந்தது. சுற்றுச்சுவரில் ஆட்கள் உட்கார்ந்து பருத்திப்பால் குடித்துக்கொண்டிருந்தார்கள். வண்டியூர்ப் பக்கம் எதற்கு என்று நான் கேட்பதற்குள், முகப்பு முழுக்கக் கண்ணாடி பதித்த ஒரு தனியார் ஆஸ்பத்திரி வாசலில் வண்டி நின்றுவிட்டது.

"பெரியாஸ்பத்திரின்னுல்ல சொன்னேன்?" என்றேன்.

"பெட்டியில வெளிநாட்டுச் சீட்டு ஒட்டியிருக்குண்ணே. ஒங்களப் பாத்தா கவர்மென்ட் ஆஸ்பத்திரிக்குப் போற ஆளாத் தெரியல. தூக்கக் கலக்கத்துல மாத்திச் சொல்லிட்டீகன்னு நெனச்சு நானே இங்கிட்டு வந்துட்டேன்" என்றார் ஆட்டோக்காரர்.

கோபம் வந்தது. ஆனால் அந்த மனிதர் என் நல்லதுக்குத்தான் செய்திருக்கிறார். கனடாவில் வங்கி மேனேஜரும் அந்த வங்கியைக் கூட்டிப் பெருக்குகிறவரும் ஒரே ஆஸ்பத்திரி நாற்காலியில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து சலித்துக்கொள்வார்கள் என்று அவரிடம் சொன்னேன்.

"வசதியானவுக கோவிச்சுக்க மாட்டாகளா?"

"கோவிச்சுக்குவாக. ஆனா போறதுக்கு வேற எடம் கெடையாது."

அவருக்கு இது ரொம்பப் பிடித்துப்போனது. திரும்பி வரும் வழியெல்லாம் சிரித்தார். தெப்பக்குளத்தில் நிறுத்தி, வழி மாறியதற்காக ஒரு டம்ளர் பருத்திப்பால் வாங்கிக் கொடுத்தார். சுக்கும் கருப்பட்டியும் தொண்டையில் இறங்க, பத்தொன்பது வருட ஆஸ்பத்திரி காபிகள் எல்லாம் பாவமாகத் தோன்றின.

பெரியாஸ்பத்திரியில் அக்கா ஒரு பெஞ்சில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும், "ஏன்டா இம்புட்டு மெலிஞ்சு போன?" என்றாள். நான் மெலியவில்லை, தொப்பைதான் போட்டிருக்கிறேன். எக்ஸ்ரே எடுக்க மேலே போகும்போது லிஃப்டைப் பார்த்தேன். நல்ல அகலம். உள்ளே ஸ்டூல் போட்டு ஒருவர் உட்கார்ந்து பித்தானை அழுத்திக்கொண்டிருந்தார். கனடாவில் லிஃப்டுக்கு ஆள் கிடையாது என்றேன். அவர் நம்பவில்லை.

"அப்ப ஸ்ட்ரெச்சர் வந்தா உள்ள நிக்கிறவகள யாரு எறங்கச் சொல்லுவா?"

"அவுகளா எறங்கிருவாக."

"சொல்லாமயா?" என்று கேட்டுவிட்டு, என்னை ஏற இறங்கப் பார்த்தார். அடுத்த தளத்தில் ஒரு ஸ்ட்ரெச்சர் வந்தது. அவர் சத்தம் போட்ட பிறகே நான் உட்பட நான்கு பேர் இறங்கினோம்.

எலும்பு டாக்டர் இளம் பெண். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து, என்னையும் தவசியையும் விட்டுவிட்டு அக்காவிடம் பேசினார். "மூட்டு நல்லா தேஞ்சிருச்சும்மா. மாத்துனா நடக்கலாம்."

"குத்தவச்சு ஒக்கார முடியுமா தாயி?"

"அது கூடாது. நாற்காலியில ஒக்காரலாம், படி ஏறலாம், வலியில்லாமத் தூங்கலாம்."

அக்கா யோசித்து, "தூங்குனாப் போதும்" என்றாள்.

வெளியே வந்ததும், நான் பணம் தருகிறேன், காலையில் பார்த்த அந்தக் கண்ணாடி ஆஸ்பத்திரியிலேயே செய்துவிடலாம் என்றேன். அக்கா மறுத்துத் தலையாட்டினாள். அது மாதிரி ஒரு இடத்துக்கு ஆறு மாதத்துக்கு முன் தவசி அவளைக் கூட்டிப் போயிருக்கிறான்.

"அங்க காசு கட்டுறவன் மூஞ்சியப் பாத்தே பேசுனாக. வலி எனக்கு, கேள்வி அவனுக்கு. இந்தப் பிள்ளை எங்கிட்டப் பேசுச்சு. இங்கேயே பாத்துக்கிறேன்" என்றாள். அரசு ஆஸ்பத்திரியில் பிறந்து, அரசு ஆஸ்பத்திரி லிஃப்டில் சம்பாதிக்கிற நான் பணப் பேச்சை அத்தோடு விட்டேன்.

இரண்டாம் நாள் காப்பீட்டு அட்டைக்கான பிரிவுக்குப் போனோம். மேசையில் இருந்த அம்மாள் குடும்ப அட்டையை வாங்கிக் கணினியில் பார்த்துப் பெயர்களை வாசித்தார். "தவசி, செல்வி, ரெண்டு பிள்ளைங்க, முருகேசன். பேச்சியம்மாள் பேரே இல்லையே. முருகேசன் யாரு?"

"நான்தாங்க" என்றேன்.

கல்யாணத்தின்போது அக்காவின் பெயரை எங்கள் அட்டையிலிருந்து நீக்கினார்கள். புருஷன் வீட்டார் அவர்கள் அட்டையில் சேர்க்கவே இல்லை. திரும்பி வந்த பிறகு யாருக்கும் அது தோன்றவில்லை. பழைய அட்டையைப் புது அட்டையாக மாற்றிய வருடம் நான் விடுமுறைக்கு வந்திருந்தேன். "அண்ணன் பேரு இல்லாம எப்படி" என்று தவசி என் பெயரை மறக்காமல் ஏற்றியிருக்கிறான். அன்று மத்தியானம் எங்கள் எல்லோருக்கும் சோறு போட்டவள் அக்கா. இத்தனை வருடமும் அவளுக்கு ஆதார் இருந்தது, ஓட்டு இருந்தது. குடும்பம் மட்டும் எந்தத் தாளிலும் இல்லை. நினைக்க வெட்கமாக இருந்தது. தவசி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"இப்பச் சேத்துரலாம்ல?" என்றான்.

"சேத்தாலும் காப்பீட்டுல வராது சார். அதுல குடும்பம்னா புருசன், பொண்டாட்டி, பிள்ளைங்க, அவங்கள நம்பி இருக்குற தாய் தகப்பன். அக்கா வர மாட்டாங்க. இவங்களுக்குத் தனியா ஒரு குடும்ப அட்டை வேணும். கணவர் இல்லாம தனியா இருக்குற பெண்ணுன்னு தாலுகா ஆபீஸ்ல எழுதிக் குடுங்க. கார்டு இல்லேன்னாலும் வைத்தியம் பாக்காம விட மாட்டோம். ஆனா மூட்டு வரணும்ல? காப்பீட்டுல போட்டா சீக்கிரம் வந்துரும். டாக்டரம்மாகிட்ட ஒரு லெட்டர் வாங்கிட்டுப் போங்க, வேகமாப் பாப்பாங்க."

எனக்கு இது புதிது. இங்கிலாந்தில் போய் இறங்கிய வாரம், பக்கத்துத் தெரு டாக்டரிடம் பதிந்துகொள்ளப் போனபோது எங்கே குடியிருக்கிறாய் என்று மட்டும் கேட்டார்கள். கனடாவில் ஆளுக்கு ஒரு அட்டை, அதில் அவரவர் படம். நான் யாருக்குத் தம்பி, யாருக்குப் புருஷன் என்று எவரும் கேட்டதில்லை. என் கல்யாணம் முறிந்த வருடமும் அட்டை அப்படியே இருந்தது. அந்த ஊரைத் தூக்கிப் பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம். லிஃப்ட் குழிக்குள் மண்டியிட்டு மண்டியிட்டு என் வலது முட்டி போய்விட்டது. அதற்கு ஆபரேஷன் செய்யப் பதினோரு மாதமாக வரிசையில் இருக்கிறேன். ஆஸ்பத்திரிக்குள் எல்லாம் இலவசம், வெளியே வந்து வாங்கும் மாத்திரை என் செலவு. பல் வலித்தால் அதுவும் என் பாடு. பெரியாஸ்பத்திரியில் அக்காவுக்கு எக்ஸ்ரே எடுத்து, டாக்டர் பார்த்து, மாத்திரையும் கையில் கொடுத்து அனுப்பியது ஒரே பகலில்.

மூன்றாம் நாள் நானும் தவசியும் தாலுகா அலுவலகத்துக்காகப் பேரையூருக்குப் பஸ் ஏறினோம். எழுமலை தாண்டிப் பாதி வழியில் டயர் வெடித்தது. கரிசல் காடு, சீமைக் கருவேலம், நல்ல வெயில். எல்லோரும் இறங்கி, அங்கிருந்த ஒரே வேப்பமரத்தடியில் நெருக்கி நின்றோம். நான் கனடாவிலிருந்து வந்தவன், அக்காவின் ஆபரேஷனுக்காக அலைகிறேன் என்பதைத் தவசி ஐந்து நிமிடத்தில் முழு பஸ்ஸுக்கும் தெரியப்படுத்திவிட்டான். கொய்யாப்பழக் கூடையோடு நின்ற ஒரு அம்மா என்னை விசாரணை செய்தார்.

"அங்க ஆஸ்பத்திரில கூட இருக்கவுகளுக்கும் சோறு உண்டா?"

"ராத்திரி கூட யாரும் இருக்குறதில்லம்மா. பாத்துட்டுப் போயிருவாக."

"அப்ப நோயாளிய யாரு பாக்குறது?"

"நர்சு. மணி அடிச்சா வருவாக."

"ஒடனே வருவாகளா?"

"கொஞ்சம் நேரம் ஆகும்."

"அதச் சொல்லுங்க" என்று சுற்றியிருந்தவர்களைப் பார்த்தார் அந்த அம்மா, வழக்கில் ஜெயித்தவர் போல. பிறகு எனக்கும் தவசிக்கும் ஆளுக்கொரு கொய்யா கொடுத்தார். காசு வாங்கவில்லை.

அவரிடம் சொல்லாத ஒன்று உண்டு. நான்கு வருடத்துக்கு முன் எனக்குப் பித்தப்பையை எடுத்தார்கள். காலையில் ஆபரேஷன், சாயங்காலம் வீடு. ஆனால் யாராவது வந்து கூட்டிப் போனால்தான் விடுவார்கள். "உங்களை அழைத்துப் போக யார் வருகிறார்கள்?" என்று நர்ஸ் கேட்டார். டாக்ஸி என்றேன். "டாக்ஸி ஓட்டுநர் கணக்கில் வர மாட்டார். உங்களைத் தெரிந்த ஒருவர் வேண்டும்" என்றார். கூட வேலை பார்த்த பிலிப்பைன்ஸ்காரர் ஒருவரைக் கெஞ்சி வரவழைத்தேன். நல்ல மனிதர். இப்போது அவரும் வேறு மாகாணத்துக்குப் போய்விட்டார்.

பேரையூர் தாலுகா அலுவலகத்தில் அதிகாரி டாக்டர் கடிதத்தைப் படித்தார். மறுக்கவில்லை. ஒரு நிபந்தனை சொன்னார். "தனிக் குடும்பம்னா தனிச் சமையல் இருக்கணும். நேர்ல வந்து பாப்பாங்க. அடுப்பு தனியா இருக்கா?"

"இருக்குங்கய்யா" என்றான் தவசி, கண் இமைக்காமல். வெளியே வந்ததும், "வாங்கிரலாம்ண்ணே" என்றான்.

கடைத்தெருவிலேயே ஒற்றை பர்னர் அடுப்பு, சின்னச் சிலிண்டர், ஒரு சட்டி, ஒரு பானை வாங்கினோம். கணக்காக ஒரு ஆளுக்குத்தானே என்று, ஒரு தட்டும் ஒரு டம்ளரும் வாங்கினோம். ஒரு நாள் அலைச்சலில் காரியம் முடிந்த சந்தோஷம். ஓட்டலில் புரோட்டாவைச் சால்னாவில் ஊறவைத்துச் சாப்பிட்டோம். அக்காவிடம் முதலில் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று இரண்டு ஆம்பளைகளுக்கும் உறைக்கவே இல்லை.

வீட்டில் நாங்கள் கயிற்றை அவிழ்த்துச் சாமான்களை எடுத்து வைக்க, அக்கா கட்டிலில் இருந்தபடி பார்த்தாள். அடுப்பைப் பார்த்தாள், பானையைப் பார்த்தாள். தட்டு வந்தபோது கேட்டாள்.

"ஒரு தட்டா?"

தவசி விளக்க ஆரம்பித்தான். பயல் பதற்றத்தில், "இனி நீ தனிக் குடும்பம்க்கா, ஆபீசுல எழுதிக் குடுத்தாச்சு" என்பதிலிருந்து ஆரம்பித்தான்.

எங்கள் பக்கத்தில் அடுப்பைப் பிரிப்பது சாதாரணக் காரியமில்லை. அண்ணன் தம்பிகள் பேச்சுவார்த்தை அறுந்து, ஊர் கூடிப் பேசித்தான் அடுப்பைப் பிரிப்பார்கள். அதிலும் அக்காவுக்கு வேறொரு கணக்கு இருந்தது. "அந்த வீட்லயும் இப்படித்தேன். மொதல்ல தட்டத் தனியா வச்சாக. பெறகு பானைய. பெறகு துணிப்பையோட இங்க கொண்டாந்து எறக்கிவிட்டாக. இப்ப எங்கிட்டு எறக்கிவிடப் போறீக?" என்றாள். குரல் உயரவில்லை. அழவும் இல்லை. எனக்கு அழுகை வந்தது.

அன்று ராத்திரியும் மறுநாளும் அவள் சாப்பிடவில்லை. ஆபரேஷன் வேண்டாம், இப்படியே கிடந்துகொள்கிறேன் என்றுவிட்டாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து கனடாவைத் துணைக்கு இழுத்தேன். "அங்க எல்லாருக்குமே தனித்தனி கார்டுதான்க்கா. யாரும் தப்பா நெனைக்க மாட்டாக."

"அங்க எல்லாரும் தனித்தனியாத்தேன் சாப்புடுறாகளா?"

"அப்படி இல்ல."

"நீ?"

நான் தனியாகத்தான் சாப்பிடுகிறேன் என்பது அவளுக்குத் தெரியும். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் போனில் கேட்பவள் அவள்.

காரியத்தைக் காப்பாற்றியது செல்வி. அதற்கும் மறுநாள் காலையில் அவள் தன் அடுப்பைத் துடைத்து, மேலே ஒரு தாம்பாளத்தைக் கவிழ்த்து மூடினாள். புது அடுப்பின் முன்னால் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"மதினி, எனக்குப் பசிக்கிது. எம் அடுப்ப மூடியாச்சு. நீங்க பொங்குனா நாங்க சாப்புடுவோம். இல்லேன்னா எல்லாரும் பட்டினி. ஒங்க தம்பிகளக் கேட்டுப் பிரயோசனமில்ல, அவுகளுக்கு ஒரு தட்டு வாங்கத்தேன் தெரியும்."

அக்கா அவளையும் புதுப் பானையையும் பார்த்தாள். பிறகு, "அந்தப் பானை பத்தாது. பெரிய பானைய எடு" என்றாள். நாற்காலியில் உட்கார்ந்தபடி புது அடுப்பில் முதலில் பால் காய்ச்சினாள். அந்த ஒற்றைத் தட்டைச் செல்வி கொண்டுபோய் அதில் சேவலுக்குத் தவிடு வைத்தாள்.

ஒன்பதாம் நாள் வருவாய் ஆய்வாளர் வந்தார். பெண், முப்பது வயதுக்குள் இருக்கும், ஸ்கூட்டரில் வேர்த்துப்போய் வந்து இறங்கினார். என்றைக்கு வருவார் என்று முன்கூட்டிச் சொல்லவில்லை. அவர் வந்த நேரத்தில் அக்காவின் புது அடுப்பில் குதிரைவாலிச் சோறு வெந்துகொண்டிருந்தது. பக்கத்தில் கருவாட்டுக் குழம்பு இறக்கி வைத்திருந்தது. நாங்கள் நான்கு பேர், அன்று களை எடுக்க வந்த ஐந்து பேர், ஆக ஒன்பது பேருக்கான உலை. செல்வியின் அடுப்பு தாம்பாளத்துக்குக் கீழே சில்லென்று கிடந்தது.

ஆய்வாளர் மூடியைத் திறந்து பார்த்தார். "தனிச் சமையல்னு எழுதியிருக்கீங்க. ஒரு ஆளுக்கா இம்புட்டு?"

நான் ஏதாவது நல்ல பொய்யைத் தேடிக்கொண்டிருந்தேன். அதற்குள் அக்கா உண்மையைச் சொல்லிவிட்டாள்.

"வீடு நெறைய ஆளு இருக்கையில நான் மட்டும் கைப்பிடி பொங்கித் திங்க முடியுமா தாயி? இது எம் அடுப்புதேன். இதுல அம்புட்டுப் பேரும் சாப்புடுறாக. அது தப்புன்னா எழுதிக்க."

முடிந்தது என்று நினைத்தேன். ஆய்வாளர் மூடிய அடுப்பைப் பார்த்தார், எரியும் அடுப்பைப் பார்த்தார். அக்கா நாற்காலிக் கையைப் பிடித்து எழுந்திருக்க முயன்று, முடியாமல் உட்கார்ந்ததையும் பார்த்தார்.

"அடுப்பு ரெண்டு இருக்கான்னு பாக்கச் சொல்லியிருக்கு. ரெண்டு இருக்கு. யாருக்கு யாரு சோறு போடணும்னு விதியில ஒண்ணும் இல்ல" என்று சொல்லி எழுதிக்கொண்டார். எனக்கு அவர் காலைத் தொட்டுக் கும்பிட வேண்டும் போலிருந்தது. சாப்பிடச் சொன்னோம். மறுத்துவிட்டு ஒரு சொம்பு மோர் வாங்கிக் குடித்தார்.

கிளம்பும்போது தவசியின் அட்டையைப் புரட்டினார். "இதுல முருகேசன் யாரு?"

"நான்தாங்க."

"எங்க இருக்கீங்க?"

"கனடாவுல."

"ஒங்க அடுப்பு அங்கதான சார்? அதுல யாரு யாரு சாப்பிடுறீங்க?"

"நான் மட்டும்தான்."

"அப்ப இந்த வீட்டுலயே தனிக் குடும்பம் நீங்க ஒருத்தர்தான்" என்றார். கிண்டலாகச் சொல்லவில்லை. பெயர் நீக்க எழுதிக் கொடுக்கச் சொன்னார். "அவன் பேரு பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டும் தாயி" என்று அக்கா கெஞ்சினாள். சட்டம் அப்படி இல்லையே. கையெழுத்துப் போட்டேன்.

அட்டை வந்தது, வருமானச் சான்று வாங்கினோம், காப்பீடும் பதிவானது. இருபத்தாறாம் நாள் அக்காவுக்கு ஆபரேஷன். ஸ்ட்ரெச்சர் லிஃப்டுக்கு வந்தபோது அதே ஸ்டூல்காரர் எல்லோரையும் விரட்டி இறக்கினார். என்னை மட்டும், "நீங்க நில்லுங்க, ஒங்க அக்காதான?" என்றார். மறுநாள் மத்தியானம் இரண்டு பேர் தாங்கலில் அக்கா நின்றாள். நின்றுகொண்டு, "வலிக்கல" என்றாள். வலித்தது, முகத்தில் தெரிந்தது. ஆனால் பழைய வலி இல்லை என்று பிறகு சொன்னாள்.

வார்டில் கூட ஒருவர்தான் இருக்கலாம். அனுமதிச் சீட்டும் ஒன்றுதான். நர்ஸ் அக்காவின் புது அட்டையைப் பார்த்து, "ஒரு பேருதான் இருக்கு. கூட இருக்க ஆளு உண்டாம்மா?" என்று கேட்டார். சீட்டுக்குச் செல்வி, விடுதியிலிருந்து வந்த தவசியின் மகள், மதுரையில் வேலை பார்க்கும் எங்கள் பெரியம்மா மகன் என்று மூன்று பேர் அடித்துக்கொண்டார்கள். செல்வி ஜெயித்தாள்.

நான் கனடா திரும்ப ஐந்து நாள் இருந்தபோது, பார்வையாளர் நேரத்தில் அக்காவின் கட்டிலருகே உட்கார்ந்து இட்லியைப் பிட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தேன். கைப்பேசியில் கனடாவிலிருந்து கடிதம் வந்தது. பதினோரு மாதமாகக் காத்திருந்த முட்டி ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்திருக்கிறார்கள். கூடவே ஒரு படிவம். அக்காவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. என்ன கேட்டிருக்கிறது, வாசி என்றாள். தமிழில் சொல்லிக்கொண்டே நிரப்பினேன். பெயர், வயது, அட்டை எண், என்னென்ன மாத்திரை. அடுத்த கட்டத்தில் கை நின்றது.

"என்னடா?"

"ஆப்பரேசன் முடிஞ்சு என்னையக் கூட்டிட்டுப் போயி வீட்ல பாத்துக்கிற ஆளு பேரு கேக்குது."

"யாரு வருவா?"

"யாராச்சும் கெடைப்பாகக்கா."

"யாராச்சும்னு எழுதுனா ஒத்துக்குவாகளா?"

செல்வி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"எம் பேர எழுது" என்றாள் அக்கா.

"ஒனக்குப் பாஸ்போர்ட்டே இல்லையேக்கா."

"பேர எழுதுறதுக்கு அது எதுக்கு? நான் அதுக்குள்ள நல்லா நடந்துருவேன். எழுது."

பேச்சியம்மாள் என்று எழுதினேன். உறவு: அக்கா. போன் நம்பருக்குச் செல்வி தன் நம்பரைச் சொன்னாள். இந்தப் பெயரை வைத்து அங்கே ஒரு காரியமும் ஆகாது, போனதும் வேறு ஆளைப் பிடித்துப் பெயரை மாற்றியாக வேண்டும் என்பது எனக்குத் தெரியும். அதற்குக் கீழே கடைசியாக ஒரு கேள்வி இருந்தது. இவரும் நீங்களும் ஒரே வீட்டில் வசிக்கிறீர்களா? ஆம் என்று ஒரு கட்டம், இல்லை என்று ஒரு கட்டம்.

"என்ன கேக்குது?" என்றாள்.

சொன்னேன்.

"இதுல என்னடா யோசனை?" என்று அக்கா இட்லிக்கு வாயைத் திறந்தாள். ஆம் என்ற கட்டத்தைத் தொட்டுவிட்டு, அடுத்த வாயைப் பிட்டேன்.